சூரியன் உதித்த பிறகுதான் பட்டன்

தேநீர் நன்றாக இருக்கிறது, சர்க்கரைதான் ஒரு சிட்டிகை தூக்கல். பரவாயில்லை. எங்கள் அலுவலகத்தில் யாரும் என்னை இப்படி உட்கார வைத்து உபசரித்ததில்லை.

நான் இணையதளங்களை அழகாக்குகிறவன். எழுத்துக்கு என்ன நிறம், விரல் பட்டால் எது அசைய வேண்டும், எல்லாம் என் பாடு. ஓர் ஆம்புலன்ஸ் நிறுவனம் தன் தளத்தைப் புதுப்பிக்கச் சொல்லி வந்தது. வழக்கமான சிவப்பு விளக்கு வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். திரை முழுக்க ஒரு விடியற்காலைக் கடல், நானே எடுத்த படம். திறந்ததும் மேகம் விலகும், பறவைகள் கிளம்பும், சூரியன் மெல்ல எழும். எழுந்த இடத்தில் 'ஆம்புலன்ஸ் அழைக்க' என்ற பட்டன் வரும். பதறிப்போய் வருகிறவர்களுக்கு மனசு கொஞ்சம் அமைதியாக வேண்டாமா?

முதலாளிக்குத் திறந்து காட்டினேன். என் கணினியில் படம் ஏற்கெனவே இருந்ததால் கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டது. அவர் மூக்கின் மேல் விரல் வைத்தார்.

தளத்துக்கு நிரல் எழுதும் பெண்தான் மசியவில்லை. அண்ணே அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்; வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"அண்ணே, படம் யானை கனம் கனக்குது. சிக்னல் சரியில்லாத வீட்ல வெள்ளைத் திரையைத்தான் பாத்துக்கிட்டு இருப்பாங்க."

"கொஞ்சம் பொறுத்தா என்ன, குடியா முழுகிடும்?"

"ஆம்புலன்ஸ் கூப்பிடுறவங்க கடல் பாக்கவா வர்றாங்க? பட்டனை முதல்ல விடுங்க. உங்க சூரியன் நிதானமா பல் தேச்சுட்டு வரட்டும்."

சொன்னதோடு நிற்கவில்லை. படத்தைச் சுருக்கி, பட்டன் முதலில் வரும்படி மாற்றியும்விட்டாள். என் கடல் பழைய பாய் மாதிரி கட்டம் கட்டமாகத் தெரிந்தது. வயிறு எரிந்தது எனக்கு.

அவள் சாப்பிடப் போன நேரம் அவள் கணினி திறந்தே கிடந்தது. என் மேசை வரை நடப்பானேன் என்று அங்கேயே உட்கார்ந்து பெரிய படத்தைத் திரும்ப ஏற்றினேன். படம் முழுசாக வந்த பிறகுதான் பட்டன் என்ற பழைய ஏற்பாட்டையும் மீட்டேன். அவள் கணினியில் மட்டும் சின்னப் படம் தெரியும்படி விட்டுவைத்தேன். நீங்கள் இதைத் தந்திரம் என்பீர்கள். வீண் சண்டை எதற்கு என்றுதான் அப்படிச் செய்தேன்.

எத்தனை பேர் திறக்கிறார்கள், எத்தனை பேர் பாதியில் மூடுகிறார்கள் என்பதெல்லாம் தினமும் என் திரைக்கு வரும். பாதியில் மூடியவர்களே அதிகம். பார்த்தேன். இந்தக் காலத்தில் யாருக்கும் பொறுமை கிடையாது.

அடுத்து வந்த விடுமுறை நாளில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவள் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தது. பட்டனைத் தட்டினால் வீடு இருக்கும் இடம் தானாகவே வண்டிக்குப் போய்விடும். அவளே செய்து வைத்த வசதி, அதனால் அதையே நம்பினாள். வெள்ளைத் திரை. சிக்னல்தான் இல்லை என்று நினைத்து மாடிக்கு ஓடினாள், வாசலுக்கு ஓடினாள். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில் கொண்டுபோனார்கள். இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்றாராம் மருத்துவர்.

துக்கம் கேட்கப் போனேன்.

"சின்னப் படத்தைத்தான் ஏத்துனேன்னு நெனைச்சேண்ணே. எங்கப்பாவை நானே கொன்னுட்டேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"வேலைன்னா தப்பு நடக்கத்தாம்மா செய்யும். மனசைத் தேத்திக்கோ" என்றேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது. அப்பா இல்லாத வீடு என்ன வீடு, சொல்லுங்கள்.

அவள் தப்பை ஒப்புக்கொண்டு கையெழுத்தும் போட்டுவிட்டாள் என்று நேற்றுத்தான் கேள்விப்பட்டேன். உங்கள் விசாரணை அறிக்கையையும் பார்த்தேன். 'பணியாளர் பதிவேற்றிய படம்' என்று அவள் பெயரைப் போட்டிருக்கிறீர்கள். அதைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அதைத் திருத்துங்கள். ஏற்றியது நான். படமும் என்னுடையது.

நிறுவனம் தன் தளத்திலிருந்து அதை எடுத்துவிட்டது. என் சொந்தத் தளத்தில் பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்கள் போனை இப்படிக் கொடுங்கள், காட்டுகிறேன்.

கொஞ்சம் பொறுங்கள். வந்துவிடும்.