முள் காட்டிய எடை

— பையைக் கீழ வைக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன், கேட்டுக்கோங்க. நாளைக்குக் காலையில உங்க ஸ்பேனர் பொட்டியைத் தூக்கிக்கிட்டு அந்த ஆஸ்பத்திரிக்குப் போறீங்க. அவங்க எடை மெஷினைப் பிரிச்சு மேயறீங்க. இது பொய் சொல்ற மெஷின்னு கைப்பட எழுதி அந்த டயட்டம்மா மேஜையில வச்சுட்டு வர்றீங்க.

— முதல்ல உக்காரும்மா. மூணு மாடி ஏறி வந்திருக்கே. மூட்டு என்னத்துக்கு ஆகும்?

— மூட்டு எக்கேடு கெட்டாலும் கெடட்டும். நூத்தி இருபத்திரெண்டாம்! கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கிட்டு அவ சொல்றா, “ரெண்டு கிலோதான் குறைஞ்சிருக்கு, அஞ்சு கேட்டிருந்தோமே”ன்னு. இன்னைக்குக் காலையில நம்ம பாத்ரூம் மெஷின்ல ஏறினேனே, எவ்வளவு காட்டுச்சு? நீங்க பக்கத்துலயே நின்னு பல்லு தேச்சுக்கிட்டிருந்தீங்க. வாயைத் திறந்து சொல்லுங்க.

— அதாவது வந்து… நூத்தி பதினெட்டு.

— நூத்தி இருபத்துநாலுல ஆரம்பிச்சவ நான். பதினெட்டுன்னா ஆறு கிலோ. முந்நூறு பேருக்கு அளவு பார்த்து ஆக்கிப் போடறவளுக்குக் கழிக்கத் தெரியாதா?

— யாரு தெரியாதுன்னா? ஒரு வாய் தண்ணி குடி, படபடப்பு அடங்கட்டும்.

— நீங்களே குடிங்க. காலையில ரொப்பி வச்ச குடத்தை அதுக்குள்ள குடிச்சே தீர்த்துட்டீங்க. ராத்திரி நாலு தடவை எழுந்து எழுந்து போறீங்க, கதவு கிறீச்சுன்னா எனக்குத் தூக்கம் போவுது. ஏற்கனவே பசியில கண்ணு மூட மாட்டேங்குது.

— கதவுக்கு எண்ணெய் விடறேன்.

— கதவுக்கு எண்ணெய் விடுவாரு! பொண்டாட்டிக்கு மட்டும் ஒரு சொட்டு எண்ணெய் கூடாது! என்ன நடந்துச்சுன்னு முழுசாக் கேளுங்க. திங்கக்கிழமை ஆபரேஷன் லிஸ்ட்டுல ரெண்டாவது பேரு என்னுது. அதை ஒரே கோடா அடிச்சுட்டு, பக்கத்து நாற்காலியில இருந்தவ பேரை எழுதிட்டா. என் கண்ணு முன்னாடி! அந்தப் பொண்ணு என்னைப் பார்த்து மன்னிப்பு வேற கேக்குது. அதுதாங்க எனக்கு நெருப்பை அள்ளிக் கொட்டின மாதிரி இருந்துச்சு.

— திரும்ப எப்பவாம்?

— அடுத்த வியாழக்கிழமை மறுபடி எடை. அன்னைக்கு நூத்தி பத்தொம்பதுல நிக்கணும். நிக்கலைன்னா லிஸ்ட்டுக்குக் கடைசி. கடைசின்னா இன்னும் ரெண்டு வருஷம். ஏற்கனவே ரெண்டு வருஷம் காத்துக் கிடந்தாச்சு. நாலு வருஷம் கழிச்சு எனக்கு ஆபரேஷன் எதுக்கு, என்னைத் தூக்கிட்டுப் போக நாலு பேருதான் தேவைப்படும்.

— அபசகுனமாப் பேசாதே. அவங்களும் காரணமில்லாம அஞ்சு கிலோ கேக்கலையே. கல்லீரல்ல கொழுப்பு இருக்கு, அது சுருங்கினாத்தான் அதைத் தூக்கிப் பிடிச்சு இரைப்பையில கை வைக்க முடியும்னு…

— ஓ, நீங்க அவங்க வக்கீலா? சுருங்கலைன்னா உள்ள குழாயை விட்டுப் பார்த்துட்டு அப்படியே தைச்சு அனுப்பிடுவாங்களாம். நான் என்ன மனுஷியா, சாக்கு மூட்டையா? உடம்பை இளைக்க வைங்கன்னு அவங்ககிட்டப் போனா, முதல்ல இளைச்சுட்டு வான்னு சொல்றாங்க. குளத்துல இறங்கணும்னா நீச்சல் கத்துக்கிட்டு வா, நீச்சல் கத்துக்கணும்னா குளத்துல இறங்குன்னானாம் ஒருத்தன். அந்தக் கதையால்ல இருக்கு.

— இன்னும் ஆறு நாள்தானே. பல்லைக் கடிச்சுக்கிட்டு…

— பல்லைக் கடிக்கத்தான் முடியும், வேற கடிக்கறதுக்கு என்ன இருக்கு? பன்னெண்டு நாளாச் சுண்ணாம்பைக் கரைச்ச மாதிரி ஒரு பவுடர்த் தண்ணி. மூணு வேளையும் அதே கருமம். ஃபேக்டரி கேன்டீன்ல அடுப்புக்கு முன்னாடி எட்டு மணி நேரம் நிக்கறேன். எண்ணெயில வெங்காயம் விழுந்து பொரியற சத்தம் கேட்டாலே எனக்கு அழுகை வருது. வெங்காயம் உரிச்சதால அழறேன்னு கூட இருக்கறவளுங்க நினைச்சுக்கறாளுங்க. வீட்டுக்கு வந்தா, ஐயா பால்கனிக் கதவைச் சாத்திக்கிட்டு விருந்து சாப்பிடறாரு!

— உன் முன்னால வச்சுச் சாப்பிட வேணாம்னுதான் அங்க போறேன்.

— கதவு கண்ணாடிக் கதவுங்க! முதுகை வளைச்சுக்கிட்டு வழிச்சு வழிச்சுத் தின்னறது தெரியாதா? நாலு ரொட்டி தின்ன மனுஷன் இப்ப எட்டு. எனக்குன்னு வாங்கின முட்டையும் உள்ள போவுது, என் பங்கு பாலும் போவுது. பொண்டாட்டி பட்டினி கிடந்தா புருஷனுக்குப் பசி கூடும்னு எந்தச் சாஸ்திரத்துல எழுதியிருக்கு?

— பசிக்குது, என்ன பண்ணச் சொல்றே?

— ஒண்ணும் பண்ண வேணாம். நாளைக்கு அந்த மெஷினைப் பிரிங்க, அது போதும். ஊருல உள்ள கடைத் தராசை எல்லாம் சரி பாக்கறவரு என் புருஷன்னு அந்த டயட்டம்மாகிட்டயும் சொல்லிட்டுத்தான் வந்தேன். “அவர் வந்து பார்த்தா உங்க சாயம் வெளுத்துடும்”னேன்.

— ஐயோ, ஏம்மா அப்படிச் சொன்னே?

— ஏன், சொன்னா என்ன? அவ எகத்தாளமாச் சிரிச்சா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

— அதாவது வந்து… அவ சிரிச்சதுக்குக் காரணம் இருக்கு. அந்த மெஷின் பின்னாடி ஒட்டியிருக்கறது என் சீட்டு. போன மாசம் நான்தான் போயி சரி பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

— நீங்களா?

— நானேதான்.

— சரியா இருந்துச்சா?

— நூறு கிராம் கூடப் பிசகாது.

— அப்ப நூத்தி இருபத்திரெண்டுங்கறது…

— அந்த எண்ணெய் டப்பா இங்கதான் எங்கயோ கிடந்துச்சு…

— ஏங்க, என்னைப் பாருங்க. தரையில என்ன தேடறீங்க? அது சரின்னா நம்மளுது என்ன?

— பழைய மெஷின்தானே. ஈரத்துல கிடக்குது. ஸ்பிரிங் கொஞ்சம் தளர்ந்திருக்கலாம்.

— தளர்ந்தா அதுவா நாளுக்கு அரைக் கிலோ குறைச்சுக் காட்டும்? தினம் தினம், கடிகாரம் மாதிரி? வொர்க் பெஞ்சுக்கு அடியில இருபது கிலோ எடைக்கல்லு அஞ்சு கிடக்குதே, எடுத்துட்டு வாங்க.

— இப்பவா? சாப்பிட்டுட்டு…

— எடுத்துட்டு வாங்கன்னேன்!

— சரி, சரி. கத்தாதே. கீழ் வீட்டுல கேக்கும்… இந்தா. ஒண்ணு… ரெண்டு… இரு. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கறேன்.

— எட்டு ரொட்டி தின்ன உடம்பு ரெண்டு கல்லுக்கே இளைக்குதா? பேன்ட்டை இழுத்து விடுங்க, இடுப்புல நிக்க மாட்டேங்குது. மூணு.

— நாலு… அஞ்சு. வச்சாச்சு.

— எத்தனை காட்டுது?

— நீயே பாத்துக்கோ.

— கண்ணாடியில்லாம எனக்கு முள்ளு தெரியாதுன்னு தெரியுமில்ல? சொல்லுங்க.

— தொண்ணூத்தேழு.

— நூறு கிலோ இரும்புக்குத் தொண்ணூத்தேழு.

— ஆமா.

— யோவ். நீ என்னய்யா பண்ணியிருக்கே?

— உள்ள ஒரு திருகாணி இருக்கு. ஆளில்லாதப்ப முள்ளு பூஜ்யத்துலதான் நிக்கும். ஏறினா மட்டும் குறைச்சுக் காட்டும். நாலாம் நாள் நீ பாத்ரூம் தொட்டி விளிம்புல உக்காந்து அழுதே, ஞாபகம் இருக்கா? “இந்த முள்ளு செத்துப் போச்சா, ஏன் அசைய மாட்டேங்குது”ன்னு. எனக்குத் தாங்கலை. அன்னைக்கு ராத்திரி ஒரு கால் திருகு. அவ்வளவுதான். மறுநாள் நீ பாட்டு முணுமுணுத்துக்கிட்டே வேலைக்குப் போனே. ஒரு வருஷமா நான் கேக்காத பாட்டு.

— அதனால தினமும் திருகினே.

— நிறுத்த முடியலைம்மா. நிறுத்தினா மறுபடி அழுவே.

— சந்தையில ஒருத்தன் முள்ளைத் திருகினான்னு, அவன் கடைக்குப் பூட்டுப் போட்டுட்டு வந்து எங்கிட்டப் பெருமை அடிச்சியே. “அளவுல பொய் சொல்றவன் சோத்துல மண்ணள்ளிப் போடறவன்”னு சொன்னது இந்த வாய்தானே? வீட்டுக்குள்ள எனக்கு மண்ணா?

— நல்லதுக்குத்தான்…

— நல்லதுக்கா! நான் என்ன பண்ணினேன்னு தெரியுமா உனக்கு? ஆறாம் நாள் கேன்டீன்ல உருளைக்கிழங்கு வறுவல். முள்ளுதான் இறங்குதே, நாலு துண்டு தின்னா குடியா முழுகிடும்னு தின்னேன். எட்டாம் நாள் மீன் துண்டு. அப்புறம் தினமும் உப்பு பாக்கறேன்னு கரண்டி கரண்டியா. மெஷின் காலையில தட்டிக் குடுத்துச்சு, நான் மத்தியானம் தின்னேன்.

— அப்ப நீயும் என்கிட்ட மறைச்சு…

— ஆமா, நானும்! நானும்தான்! பேசாதே! நான் செஞ்சது தப்புன்னு காட்ட ஒரே ஒரு முள்ளு இருந்துச்சு இந்த வீட்டுல. அதையும் நீ முறுக்கிட்டே. அரிசியில கல்லு இருந்தா பொறுக்கிப் போடலாம். அளக்கற படியே ஓட்டைன்னா எங்க போயி முட்டிக்கறது?

— அழாதே. சொன்னாக் கேளு.

— அழலை. எனக்கு ஆத்திரம். மூணு வருஷம் முன்னாடி கேன்டீன் ஈரத் தரையில வழுக்கி விழுந்தேனே. நாலு பேரு சேர்ந்தும் தூக்க முடியாம, காய்கறி ஏத்தற தள்ளுவண்டியைக் கொண்டாந்து அதுல ஏத்தினாங்க. வரிசையில நின்னு பார்த்தாங்க, நான் சோறு போடற முந்நூறு பேரும். அன்னைக்கு முடிவு பண்ணினேன், இனிமே என்னை யாரும் வண்டியில ஏத்தக் கூடாதுன்னு. அந்த மூட்டு டாக்டரும் உடம்பைக் குறைக்காம மூட்டைத் தொட மாட்டேன்னுட்டான். எனக்கு இருக்கறது இந்த ஒரு வழிதான்யா. அதுல நீ அரைக் கிலோ அரைக் கிலோவா முள்ளு போட்டு வச்சிருக்கே.

— தப்புதான். என்ன தண்டனை வேணும்னாலும் குடு.

— தண்டனை அப்புறம். இப்ப திருப்புளியை எடு. என் முன்னாடியே சரி பண்ணு. பொட்டியைத் திற.

— இதோ… நல்லாப் பாத்துக்கோ, இதுதான் அந்தத் திருகு. இந்தப் பக்கம்… இன்னும் கொஞ்சம்… தொண்ணூத்தொம்போது. இப்ப?

— கண்ணாடியைக் குடுங்க… நூறு. முள்ளு நூறுல நிக்குது.

— இனிமே இதைத் தொடமாட்டேன். சத்தியம்.

— உங்க சத்தியத்தை நீங்களே வச்சுக்கோங்க. கல்லை எல்லாம் இறக்குங்க. நான் ஏறறேன்… எவ்வளவு?

— நூத்தி இருபத்திரெண்டு.

— சரி. அதுதான் நான். ஆறு நாள்ல மூணு கிலோ. நாக்கை அறுத்து வச்சாவது இறக்கிக் காட்டறேன். நாளையிலேருந்து உப்பு பாக்கற வேலையை உதவிக்காரிகிட்ட விட்டுடறேன். இப்ப நீங்க ஏறுங்க.

— நானா? நான் எதுக்கு?

— கல்லை வச்சதும் நீங்க, திருகினதும் நீங்க. எனக்கு எதுலயும் நம்பிக்கையில்லை. மூணு மாசம் முன்னாடி எனக்குச் செக்கப்புக்குப் போனப்ப அந்த டயட்டம்மா உங்களையும் ஏத்தினாளே, எழுபத்தெட்டு. என் கண்ணால பார்த்தது. முள்ளு அங்க வந்து நின்னாத்தான் நம்புவேன்.

— இந்தா, ஏறிட்டேன். போதுமா?

— ஆடாம நில்லுங்க. சுவத்தைப் பிடிக்காதீங்க… கையை எடுங்கன்னேன்.

— எடுத்துட்டேன். எவ்வளவு?

— உங்களுக்கு வெக்கமே கிடையாதா? அதுக்குள்ள மறுபடி திருகிட்டீங்களா?

— தொடவேயில்லையே! நீ என் பக்கத்துலயேதானே நின்னே?

— அறுபத்தேழு காட்டுது.

— இருக்காது. கல்லை வச்சுப் பாரு.

— இறங்குங்க. நானே வைக்கறேன், அண்டா தூக்கற கைதானே. நீங்க தள்ளி நில்லுங்க… நாலு… அஞ்சு. இப்ப பாருங்க.

— நூறு.

— நூறா?

— கச்சிதமா நூறு. மறுபடி ஏறட்டுமா?

— ஏறுங்க… அறுபத்தேழு. அந்த பெல்ட்டைக் காட்டுங்க. இந்த ஓட்டையெல்லாம் எப்ப போட்டீங்க?

— ஆணியால போட்டேன். ஒண்ணு போன மாசம். இது போன வாரம்.

— ஓஹோ. இப்ப புரியுது. பால்கனியில தின்ன மாதிரி நடிச்சுட்டுக் கீழ காக்காய்க்குப் போட்டீங்களா? எனக்குத் துணையாப் பட்டினி கிடந்தீங்களா? சொல்லித் தொலைங்க. சத்தியமாத் திட்ட மாட்டேன்.

— இல்லம்மா.

— பின்ன பதினோரு கிலோ எங்க போச்சு?

— தெரியலையே. உன் பங்கையும் சேர்த்துல்ல தின்னுக்கிட்டிருக்கேன். அந்தக் குடத்துல ஒரு வாய் தண்ணி மிச்சம் இருக்கா பாரு, மறுபடியும் தாகமா இருக்கு.