ஹார்ன் அடிச்சா முட்டியத் தொடணும்

— மொதல்ல அந்தக் கழிய கீழ போடுங்க மாமா.

— கழி இல்லாம நாய் எப்பிடிம்மா படியும்? எங்கப்பா காலத்துலேர்ந்து...

— உங்கப்பா வளத்த நாயி ஒண்ணாவது சொன்ன பேச்சு கேட்டுச்சா?

— ...ஓடிப்போச்சு.

— பாத்தீங்களா? போடுங்க.

— சரி, போட்டுட்டேன். இப்ப இன்னா பண்ணணும்?

— அந்த ரஸ்க்குத் துண்ட ரெண்டு வெரலால புடிங்க. சேமியா மூக்குக்கிட்ட கொண்டு போங்க.

— சேமியா! யாராவது நாயிக்கு சேமியான்னு பேரு வெப்பாங்களாம்மா?

— கலரப் பாருங்க. வறுத்த சேமியா மாதிரியே கீதுல்ல?

— உத்திரமேரூர் கடத்தெருவுல நின்னு இதக் கூப்ட்டா, பாயசம் விக்க வந்தவன்னு நெனப்பானுங்க.

— பேச்ச மாத்தாதீங்க. மூக்குக்கிட்டேர்ந்து அப்பிடியே தலைக்கு மேல, பின்பக்கமா... மெதுவா...

— ஆங்... அண்ணாந்து பாக்குது.

— இன்னும் கொஞ்சம் பின்னால... ரொம்ப தூக்காதீங்க, தாவிடும்...

— ஏய்! குந்திக்கிச்சும்மா! தானா குந்திக்கிச்சு!

— குடுங்க, குடுங்க! உடனே குடுக்கணும். குந்துனதுக்குத்தான் ரஸ்க்குன்னு அதுக்குத் தெரியணும்ல?

— குடுத்தேன், குடுத்தேன்... வெரலயும் சேத்துத் துன்னுது பாரு...

— சபாஷ் சொல்லுங்க.

— பாஸா? எந்த பாஸு?

— சபாஷு மாமா, சபாஷு!

— ஓ... சபாஷ்! கொஞ்சம் சத்தமா பேசும்மா. மோட்டார் ஓடற சத்தத்துல ஒண்ணும் வௌங்கல.

— மோட்டாரா? காலைலேர்ந்து கரண்ட்டே இல்லயே.

— ...அப்ப காத்து.

— ஆமா மாமா. காத்துதான்.

— இதெல்லாம் எங்கம்மா கத்துக்கின நீ?

— கல்யாணத்துக்கு முன்னாடி சுங்குவார்சத்திரத்துல நாய் ஹாஸ்டல்ல வேல செஞ்சேன்ல... வூட்டுக்காரங்க வெளியூர் போனா நாய கொண்டாந்து விட்டுட்டுப் போவாங்க. அங்க கத்துக் குடுத்தாங்க.

— நாயிக்கு ஹாஸ்டலு! எம் புள்ள சுகுமார ஹாஸ்டல்ல சேக்க என்னால முடியல. ம்... நல்லா பொறந்துதுங்க.

— இப்ப தள்ளி நின்னு இதக் கூப்புடுங்க. வந்துச்சின்னா ரஸ்க்கு.

— சேமியாஆ! வாடீ இங்க!

— ஐயய்யோ... பக்கத்து வூட்டு தேவராஜ் அண்ணன் டிராக்டர் அடியில பூந்துக்கிச்சு பாருங்க. எதுக்கு மாமா அப்பிடிக் கத்துனீங்க?

— நானா? கத்தலயே. எப்பவும் போலத்தான் கூப்ட்டேன். இன்னாம்மா அப்பிடிப் பாக்கற?

— ஒண்ணுமில்ல. கீழ குந்திக்கோங்க. வாயால கூப்புட வாணாம், சொம்மா கைய மட்டும் நீட்டுங்க. நாயிக்கு வாய விட கைதான் சீக்கிரம் புரியும்.

— எனக்கும் அதாம்மா சௌகரியம்.

— இன்னா மாமா?

— ஒண்ணுமில்ல. இதோ வருது பாரு... வா, வா... வயித்தால தேச்சிக்கினே வருது! பயந்துட்டியா? பெரியவன் கத்திட்டான்டீ, விடு... இந்தா.

*

— தேவயானி, எனக்கு ஒரு சந்தேகம். குந்துன்னா குந்துது, இருன்னா இருக்குது, வான்னா வருது. அதெல்லாம் சரி. ஹார்ன் அடிச்சா இது எதுக்கும்மா எம் முட்டியத் தொடணும்?

— அது... ஒரு கேம் மாமா.

— கேமா?

— ஆமா. ஹாஸ்டல்ல எல்லா நாயிக்கும் சொல்லித் தருவாங்க.

— அங்க யாரு முட்டிய தொடும்?

— ...வாட்ச்மேன் முட்டிய.

— பாவம்மா அந்த ஆளு.

— சிரிக்காம நில்லுங்க. கைய முட்டிக்கிட்ட வெச்சி மூக்கால தொட வெச்சோம்ல? அது வந்துட்சி. இப்ப நீங்க அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கோங்க. நான் ஸ்கூட்டில குந்தி ஹார்ன் அடிப்பேன். சேமியா வந்து தொட்டா திரும்பி ரஸ்க்கு குடுங்க. தொடலன்னா திரும்பாதீங்க.

— சரி, அடி... இன்னாம்மா, அடிக்கலாம்ல?

— அடிச்சிட்டேன் மாமா!

— ஆங்... கேட்டுச்சு, கேட்டுச்சு. இது வரலயேன்னு பாத்தேன்.

— காக்காவ பாத்துக்கினு நின்னுடுச்சு. இன்னொரு தபா...

— தொட்டுட்சி! ஈரமா தொட்டுட்சி! இந்தா, சபாஷ்!

— சூப்பர் மாமா! அப்பிடித்தான்!

— மறுபடி தொட்டுட்சி! இந்தா...

— குடுக்காதீங்க, குடுக்காதீங்க! இப்ப நான் ஹார்னே அடிக்கல!

— அடிக்கலயா? அப்ப எதுக்குத் தொட்டுச்சு?

— ரஸ்க்குக்காவ சொம்மா தொடுது.

— அடி திருடி! எங்கிட்டயேவா?

— யப்பா, காலங்காத்தால இன்னா ஹார்ன் சத்தம் இது? கம்பெனி பஸ்லேர்ந்து எறங்கனதுலேர்ந்து கேட்டுக்கினே வரேன்!

— அய்யோ, வந்துட்டீங்களா? நைட் ஷிப்ட் சீக்கிரம் முடிஞ்சிட்சா? நாஷ்டா எடுத்து வெக்கட்டுங்களா?

— நாஷ்டா அப்பறம் தேவயானி. யப்பா, இங்க திரும்பு. பக்கத்துக் கழனி எல்லப்பன டீக்கடையில பாத்தேன். ஒண்ணு சொன்னான்.

— எல்லப்பனுக்கு வேற இன்னாடா வேல.

— நேத்து நீ ரோட்டத் தாண்டறப்போ ஜல்லி லாரிக்காரன் பின்னால ஹார்ன் அடிச்சிக்கினே வந்தானாம். நீ நவுரவே இல்லயாம். அவன் பிரேக்கு போட்டு நிறுத்திட்டு, வாயில வந்ததத் திட்டிட்டுப் போனானாமே?

— அது வந்து சுகுமாரு...

— காது கீது கேக்கலயாப்பா உனக்கு?

— எனக்கா? யார்ரா சொன்னது?

— கேக்கலன்னா சொல்லிடு. கழனிய எல்லப்பனுக்கே குத்தகைக்கு வுட்டுடலாம். நீ வூட்ல நிம்மதியா இரு. தெனம் அந்த ரோட்ட நீ தாண்டறத நெனச்சா எனக்கு மெசின்ல கையே ஓட மாட்டேங்குதுப்பா.

— கழனிய வுட்டுட்டு வூட்ல குந்திக்கினு நான் இன்னாடா பண்ணுவேன்? செவுத்தயா பாத்துக்கினு...

— இன்னாங்க, கொஞ்சம் நில்லுங்க. அது என்னாலதான்.

— உன்னாலயா?

— மாமா சாப்பாட்டுத் தூக்குச்சட்டிய மறந்துட்டுப் போயிட்டாரு. நான்தான் ஓடிப்போய் இந்தப் பக்கம் நின்னு கூப்ட்டுக்கினு இருந்தேன். என்னத் திரும்பிப் பாத்துக்கினு நின்னுட்டாரு. மத்தபடி அவர் காதெல்லாம் நல்லாத்தான் கீது.

— நெசமாவாப்பா?

— ...ஆமாண்டா. மருமவ கூப்ட்டா நிக்காம போவ முடியுமா?

— ரெண்டு பேரும் ஒரு கட்சி. நான் போய்ப் படுக்கறேன். யப்பா, அந்த ஹார்ன...

— அடிக்க மாட்டோம்டா. போய்த் தூங்கு, போ.

— ...போயிட்டாரா மாமா?

— போயிட்டான். தேவயானி...

— சொல்லுங்க மாமா.

— நேத்து நீ ரோட்டுப் பக்கமே வரலயேம்மா.

— வரல மாமா.

— தூக்குச்சட்டியும் எங்கையிலதானே இருந்துது.

— ஆமா மாமா. ரஸ்க்கு மீதி கீதா? ஸ்கூட்டிய கழனிப் பக்கம் தள்ளிக்கினு போயிடலாம், அவரு தூங்கட்டும். இந்த ஹார்ன் பத்தாது. தேவராஜ் அண்ணன்கிட்ட டிராக்டர கேட்டு வெச்சிருக்கேன். அந்த சத்தத்துக்கும் பழக்கணும்.

*

— மாமா! மாமா! இன்னா ஆச்சு? எல்லப்பன் போன் பண்ணாரு... அடி ஒண்ணும் படலியே? எங்க, கையக் காட்டுங்க...

— ஒண்ணுமில்லம்மா. கத்தாத.

— கத்தலன்னா உங்களுக்கு...

— கேக்காது. தெரியும். ...கத்து, பரவால்ல.

— மாமா...

— மொதல்ல சேமியாவுக்குத் தண்ணி வையி. மூச்சு இளைக்குது பாரு.

— வெச்சிட்டேன். நடந்தத சொல்லுங்க.

— ரோட்டு மேல ஏறுனேன். இந்தப் பக்கம் பாத்தேன், ஒண்ணுமில்ல. காலத் தூக்கி வெக்கறேன், முட்டியில மூக்க வெச்சி இடிச்சிது. நான் நின்னு, மடியில ரஸ்க்கு எடுக்கக் கைய வுட்டேன்...

— ரோட்டு மேல நின்னுக்கினா?

— பழக்கம் ஆயிட்சேம்மா! தொட்டா நின்னு குடுக்கணும்னு நீதானே சொன்ன? அத மட்டுமா பழக்குன, என்னயும் சேத்துத்தானே பழக்கி வெச்சிருக்க. நின்னேனா... மூஞ்சிக்கு முன்னால சர்ர்ருனு போவுது லாரி. தலப்பா எகிறிப் போய் வேலில மாட்டிக்கினு நிக்குது.

— கடவுளே...

— லாரிக்காரன் தள்ளிப் போய் நிறுத்திட்டு எறங்கி வந்தான். கைய கைய ஆட்டறான், வாய் அசையுது, எனக்கு ஒண்ணும் வௌங்கல.

— நீங்க இன்னா சொன்னீங்க?

— சேமியாவுக்கு ரஸ்க்கு குடுத்துட்டு, சபாஷ்ன்னேன். அவனத்தான் சொல்றேன்னு நெனச்சிக்கினு ஒருமாதிரியா பாத்துட்டுப் போயிட்டான்.

— சிரிப்பா வருதா உங்களுக்கு?

— இப்பிடிக் குந்தும்மா.

— நான் இன்னா நாயா, குந்துன்னா குந்தறதுக்கு?

— ரஸ்க்கு கீது.

— மாமா!

— சரி, சரி... குந்திட்ட பாரு. ...உனக்கு எப்பலேர்ந்தும்மா தெரியும்?

— கல்யாணம் ஆன புதுசுலயே. பின்னால நின்னு காபின்னா திரும்ப மாட்டீங்க. முன்னால வந்தா வாய் நெறய சிரிப்பீங்க. என்னப் புடிக்கலயோன்னு மொதல்ல நெனச்சி, ராத்திரியெல்லாம் தூங்காம கெடந்தேன்.

— அட பாவி மவளே... ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?

— கேட்டா மோட்டாருன்னுவீங்க, காத்துன்னுவீங்க. கழனியில எறங்குனா உங்க மொகமே வேற மாதிரி ஆயிடும் மாமா. அத வுட்டுட்டு நீங்க இருக்க மாட்டீங்கன்னு தெரியும். அதான் அவருகிட்ட சொல்லல.

— அப்ப இந்த நாயி? பஸ் ஸ்டாண்டுலேர்ந்து தானா உம் பின்னாலயே வந்துட்சின்னு சொன்னியே?

— தானா வரல. ஹாஸ்டல்ல கூட வேல செஞ்ச பிரியங்காகிட்ட சொல்லி வாங்கியாந்தேன். நாலஞ்சு குட்டிய நிக்க வெச்சி, தட்டக் கீழ போட்டு, எது மொதல்ல திரும்புதோ அத எடுத்தேன்.

— எனக்குக் காது வாங்கியாந்திருக்க.

— இதயே நம்பிக்கினு இருக்க முடியாது மாமா. இதுக்கும் ஒரு நா ஒடம்பு சரியில்லாம போவும். காஞ்சிபுரம் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்துட்டு வரலாம். இப்பல்லாம் காதுக்குள்ள வெக்கற மாதிரி மெசின் வந்துட்சி.

— மெசின் மாட்டிக்கினு போனா ஊர்ல கிண்டல் பண்ணுவானுங்கம்மா.

— எல்லப்பன் சோடாபுட்டி கண்ணாடி போட்டுக்கினு சுத்தறாரு. யாரு கிண்டல் பண்ணாங்க?

— நான்தான்.

— அப்ப அவரு திருப்பிப் பண்ணட்டும். அவருக்கும் சந்தோஷமா இருக்கும்ல?

— ...சுகுமாரு குத்தகைன்னு ஆரம்பிப்பான்.

— ஆரம்பிக்கட்டும். கழனி உங்களுது. மெசினும் மாட்டிக்கினு, சேமியாவும் கூட வந்தா அவரு இன்னா சொல்லப் போறாரு?

— சரி. நானே சொல்லிக்கறேன். நீ பக்கத்துல நில்லு.

— நிக்கறேன். உங்களுக்கு எதிர்ல நிக்கறேன், நான் வாயசைச்சா தெரியும்.

— நீ நல்ல கேடிம்மா.

— மாமா... எல்லப்பன் போன்ல இன்னொண்ணும் சொன்னாரு.

— அந்த ஆளுக்குக் கழனியில வேலயே கெடயாதா?

— நீங்க அடிக்கடி வரப்பு மேல குந்திக்கினு, மூஞ்சில துண்டப் போட்டு, முட்டியில தலயக் கவுத்துக்கினு அழுவறீங்களாமே?

— ...பாத்துட்டானா?

— காதுக்காவ இவ்ளோ கஷ்டமா மாமா? எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?

— நான் அழுவலம்மா.

— பின்ன?

— அழுவற மாதிரி குந்தியிருந்தேன்.

— எதுக்கு?

— வுடும்மா... போய் வேலயப் பாரு.

— மாமா, இங்க பாருங்க. எதுக்கு?

— நீ சொல்லிக் குடுத்த வித்ததான். தலயக் கவுத்துக்கினு குந்துனா சேமியா வந்து மடியில தல வெக்கணும். வெச்சா ரஸ்க்கு. ஆரம்பத்துல துண்டப் புடுங்கறதும், காத நக்கறதும்... செம பேஜாரு. இப்ப யாரு அப்பிடிக் குந்தியிருந்தாலும் கரெக்டா போயிடுது.

— யாரு குந்தியிருந்தாலுமா? மாமா... வைக்கப்போர் பின்னால நான் தனியா இருந்தப்போல்லாம் இது வந்து மடியில தல வெச்சிக்கிச்சே... அது தானா வந்துச்சுன்னு நான்...

— தானா வரல. உங்கம்மா தவறிப் போனதுலேர்ந்து நீ அங்க போய்ப் போய் குந்தற. சத்தம் எனக்குக் கேக்காதுதான், துப்பட்டாவால மூஞ்சத் தொடச்சிக்கினு நீ திரும்பி வரது தெரியாதா? மாமனாரு நான், பக்கத்துல வந்து குந்தி அழுவாதன்னு எப்பிடிம்மா சொல்றது... அதான், எனக்குப் பதிலா இது போவட்டும்னு பழக்குனேன்.