பஞ்சும் படிக்கல்லும்

— நான் ஒண்ணு கேக்கேன் அத்தான். பொண்ணு பாக்க வந்தவிய வாசல்ல உக்காந்து காப்பி குடிச்சுக்கிட்டு இருக்காவ. பொண்ணைப் பெத்தவரு ஏணி வச்சு மச்சி மேல ஏறி, பருத்தி நிறுக்க இரும்புப் படிக்கல்லைத் தூக்கிக் கீழ போடலாமா?

— அவிய மேல போடல சங்கிலி. தள்ளித்தான் போட்டேன்.

— தள்ளியா? அவிய கொண்டாந்த தாம்பாளத்துல போட்டீங்க! தேங்கா செதறி, பழம் நசுங்கி, மாப்பிள்ளைக்கு அப்பா வேட்டியெல்லாம் காப்பி. அந்தம்மா ‘அபசகுனம்’னு எந்திரிச்சவதான், செருப்பைக் கூட மாட்டாம வெளிய போயிட்டாவ.

— தாம்பாளத்தை அங்கன வைக்கச் சொன்னது யாரு? வாசல்ல வேற எடமா இல்ல?

— எனக்கு வாயில கெட்டது வந்துரும். எங்க அக்கா அடுப்படியில முந்தானையால முகத்தைப் பொத்திக்கிட்டுக் கிடக்கா. நான் கழுகுமலைக்கு எத்தனை நடை நடந்து கொண்டாந்த சம்மந்தம் இது!

— நான் என்ன தப்பாக் கேட்டுட்டேன்? பையனுக்கு என்ன வேலைன்னேன். பள்ளிக்கூடத்துல பிசிக்ஸ் வாத்தியார்னாரு. படிச்ச பிள்ளையாச்சே, மனசுல கிடக்க ஒரு சந்தேகத்தைக் கேப்போம்னு கேட்டேன்.

— மாப்பிள்ளைகிட்ட கூடப்பிறந்தது எத்தனைன்னு கேப்பாவ. நெலபுலம் உண்டான்னு கேப்பாவ. நீங்க என்ன கேட்டீங்க?

— பூமி எல்லாத்தையும் இழுக்குதுன்னா, மேகத்தை மட்டும் ஏன் இழுக்க மாட்டேங்குதுன்னு கேட்டேன்.

— ஐயோ கடவுளே!

— நீயே சொல்லு. ஐப்பசி பாதி போயிருச்சு. மேகம் வருது, நம்ம பருத்திக்கு மேல வந்து நிக்குது, கண்ணைக் காட்டிட்டுக் கிழக்கப் போயிருது. இழுக்க பூமின்னா நம்ம கரிசக்காடு அதை இழுத்திருக்கணும்லா? காடு வெடிச்சுக் கிடக்கு. தன்னையே சேத்துப் பிடிக்கத் தெம்பில்லாத மண்ணு, நிலாவை இழுத்துப் பிடிச்சிருக்காம். கணக்கு உதைக்குதுல்லா?

— அந்தப் பையன் இராமச்சந்திரன் எவ்வளவு பொறுமையாச் சொன்னாரு! ‘மேகத்துல இருக்கது ரொம்பப் பொடித் துளி, அதையும் பூமி இழுக்கத்தான் செய்யுது, காத்து ஏந்திப் பிடிச்சிருது’ன்னாரு. ‘சரி தம்பி’ன்னு விட்டிருக்கலாம்லா?

— விட்டிருப்பேன். அப்போ கனமானதைப் பூமி வெரசா இழுக்குமோன்னு கேட்டதுக்கு, இல்ல, பஞ்சும் இரும்பும் ஒண்ணாத்தான் வந்து விழும்னுட்டாரே.

— காத்து இல்லாத எடத்துலன்னு சொன்னாரு அத்தான்! காத்து இல்லாத எடத்துல! நான் பக்கத்துலதான இருந்தேன்.

— காத்து இல்லாத எடத்துல எவன் பருத்தி போடுதான்?

— அதுக்காக ஏறிப் போட்டுப் பாக்கணுமா? அவிய அப்பா சிரிச்சாரு, அந்தப் பையன் சிரிக்கல. ஏணி ஆடுதுன்னு ஓடிவந்து ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டாரு. அதுக்காகவாது எறங்கியிருக்கலாம்.

— ஏறினது ஏறியாச்சு. கல்லு விழுந்துச்சு. பஞ்சு விழுந்துச்சா?

— பஞ்சு பக்கத்து வீட்டுக் கூரைக்குப் போயிட்டு! சம்மந்தம் கழுகுமலைக்குப் போயிட்டு! இது மூணாவது. ஆனியில ஓட்டப்பிடாரத்துக்காரவிய வந்தாவ. அமெரிக்காக்காரன் மானத்துல விட்ட ஸ்கைலாப் ஒடைஞ்சு தலையில விழப்போகுதுன்னு ஊரே நடுங்கி, வளத்த ஆட்டை அடிச்சுத் தின்னுக்கிட்டு இருக்கு. நீங்க அவியகிட்ட என்ன சொன்னீங்க?

— விழாதுன்னேன்.

— அது மட்டுமா? பூமிக்கு இழுக்க சக்தியே கிடையாது, வெள்ளைக்காரன் நம்மளை ஏமாத்துதான்னீங்க. அந்தத் தாத்தா பயந்துபோயி காப்பித் தம்ளரை அப்படியே வச்சிட்டாரு. கடைசியில விழுந்துச்சா இல்லையா?

— ஆஸ்திரேலியாவுலதான விழுந்துச்சு? கோவில்பட்டியில விழலயே. மழையே விழாத ஊரு, இங்கன எது விழும்?

— ஆவணியில குளத்தூர்ல இருந்து கரண்டு ஆபீசுப் பையன் வந்தான். தங்கமான பையன். அவனைப் போயி…

— கரண்டு கம்பிக்குள்ள ஓடுதுன்னான். ஓடுதுன்னா, கம்பி அறுந்தா ஏன் ஒழுகலன்னு கேட்டேன். பதில் சொல்லத் தெரியாம எந்திரிச்சுப் போயிட்டான்.

— பதில் தெரியாமப் போகல, பயந்து போனான்! டீக்கடையில ஒங்களுக்கு என்ன பேரு தெரியுமா? நியூட்டனுக்குப் பங்காளி. ‘வரப்புத் தகராறு போல, அதான் அந்த மனுசனை விடமாட்டேங்காரு’ன்னு சிரிக்கானுவ. ஒங்க மக வெயிலம்மாளுக்குப் பின்னால பிறந்த ஊருப் பிள்ளைகளுக்கெல்லாம் கல்யாணம் ஆகி இடுப்புல பிள்ளை. இனி எவன் வருவான் இந்த வீட்டுக்கு?

— வாரவன் வரட்டும். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.

— ஒங்களுக்கு இல்ல! நான் அக்காவைக் கூட்டிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போறேன். கழுகுமலை பஸ் எடுத்திருக்க மாட்டான். காலைப் பிடிச்சாவது கேட்டுப் பாக்கேன். அத்தானுக்குப் புத்தி கொஞ்சம் அப்படி இப்படின்னுதான் சொல்லப்போறேன். கோவிக்காதீங்க.

— நல்லாச் சொல்லு. தாராளமாச் சொல்லு.

— ஏக்கா, எந்திரி! மூஞ்சியைக் கழுவாட்டாலும் பரவாயில்ல, வா!

— அப்பா, அம்மையும் மாமாவும் போயிட்டாவளா?

— போயிட்டாவ தாயி. வெளிய வா. பயப்படாத, அவிய காலைப் பிடிச்சாலும் கையைப் பிடிச்சாலும் அந்தம்மா திரும்பி வராது. இன்னும் ஒரு வருசம் ஒன்னை எவனும் அசைக்க முடியாது. நிம்மதியா டிகிரியை முடி.

— மாமா ஒங்களை என்ன பேச்சுப் பேசிட்டாவ.

— பேசட்டும். இந்த வீட்டுல ஒங்க மாமன் சொல்லுக்கு மறுசொல்லு கிடையாது, ஒனக்கே தெரியும். பிள்ளை படிக்கட்டும்னு நான் சொன்னா, படிச்சது போதும், காலேஜை நிறுத்துன்னு குறுக்க விழுவான். ஒங்க அம்மையும் அவன் பக்கம் சாஞ்சிருவா. கிறுக்கன்னு பேரெடுத்துட்டா எவனும் காரணம் கேக்க மாட்டான்.

— காத்து இல்லன்னா பஞ்சும் இரும்பும் ஒண்ணா விழும்னு ஒங்களுக்குத் தெரியும்லா?

— தெரியாமயா? நீ சத்தம் போட்டுப் படிக்கையில மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டே கேக்கேன்லா. தப்பாப் பேசணும்னா சரியானது தெரிஞ்சிருக்கணும். இல்லன்னா தப்பித் தவறி வாயில சரியா வந்துருமே.

— அப்பா…

— என்ன தாயி? ஏன் மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?

— காப்பி குடுக்கையில, என்ன சப்ஜெக்ட்னு அவரு கேட்டாரு. பிசிக்ஸ்னேன். அப்போ எம்.எஸ்சி.யும் படிங்க, விட்றாதீங்கன்னாரு.

— நல்ல பையன்தான் தாயி, நான் இல்லைங்கல. என் ஏணியை ஓடிவந்து பிடிச்சானே. எனக்கே கல்லை விட மனசு வரல. இவனை மட்டும் வெரட்டாம விட்டுருவோமான்னு நெனச்சு, மேல நின்னு ஒன்னைத்தான் பாத்தேன். நீ அடுப்படி ஜன்னல்ல நின்னு வேண்டாம் வேண்டாம்னு ரெண்டு கையையும் ஆட்டின. சரி, பிள்ளைக்குப் பிடிக்கலன்னு கண்ணை மூடிக்கிட்டுக் கல்லை விட்டுட்டேன்.

— அவரு வேண்டாம்னு ஆட்டலப்பா. கல்லு வேண்டாம்னு ஆட்டினேன்.