இரண்டு பிராக்கெட்டுக்கு நடுவே

— சேலை எங்கம்மா பிர்தௌஸ்? விலை எங்க? சிவகிரி வேல்சாமிக்கு நான் சொல்லிப் போட்ட லெட்டரோட காப்பியில பாதியக் காணோமே.

— கம்ப்யூட்டர் தின்னுருக்கு, அண்ணாச்சி.

— இந்தப் பெட்டி அடிச்ச முத லெட்டர். இன்னும் பதினேழு ஏவாரிக்குப் போவணும். பிராக்கெட்டுக்குள்ள நான் சொல்லுதது நம்ம ரகசியம். அதை மட்டும் எடுத்துட்டு மிச்சத்தை அடிக்கணும். அதுக்குத்தானே ஒன்னைய வேலைக்கு வச்சது?

— அப்படித்தான் புரோகிராம் எழுதினேன். தொறக்குற பிராக்கெட்டுல இருந்து மூடுற பிராக்கெட் வரைக்கும் அழின்னு. நீங்க பேருக்குப் பக்கத்துல ‘(அழுத்திப் பேசுனா படிவான்)’னு ஒண்ணு சொன்னிய. கடைசியில ‘(பத்து ரூவா இறங்கலாம்)’னு ஒண்ணு. இது முதல்ல தொறந்ததைப் புடிச்சு, கடைசியா மூடுனதுலதான் போய் நின்னுருக்கு.

— நடுவுல இருந்ததெல்லாம்?

— போச்சு. கிடைக்கிற வரைக்கும் அள்ளிக்கிடும்.

— கம்ப்யூட்டருக்கும் ஏவாரி புத்திதானா.

— முத மூடுற பிராக்கெட்டுலயே நில்லுன்னு மாத்திட்டேன். இப்ப சரியா வருது. நீங்களும் வாசிக்காம ஒட்டித் தபால்ல போட்டுட்டியளே.

— மெஷின் அடிச்சதை யாரும்மா வாசிப்பா? வேல்சாமிக்கு ட்ரங்க் கால் போட்டேன், அதுவும் கிடைக்கல. ராஜபாளையம் சரக்குக்கு மாறப்போறேன்னு ஏற்கனவே சொல்லிட்டு இருக்கான். அவன் போனா நாலு தறி நிக்கும். பொறவு ஒன்னையும் பெட்டியையும் வச்சு நான் என்ன செய்ய?

— வேற ஊருக்கு வேலைக்கு எங்க வாப்பா விடமாட்டாக, அண்ணாச்சி.

— இரு. அவனே வாரான். நீ வாயத் தொறக்காத.

— பெருமாள்சாமி, இருக்கீரா வே?

— வாரும் வேல்சாமி. அந்த லெட்டர் வந்து...

— சும்மா இரும். இருவது வருச ஏவாரத்துல, சேலை பேசாம, விலை பேசாம ஒரு லெட்டர். ‘அன்புள்ள வேல்சாமிக்கு, வீட்டில் எல்லாரும் சுகமா?’ அவ்வளவுதான். வீட்டுல வாசிச்சுக் காட்டுனேன். இந்த மனுசர விட்டுட்டா போவப் போறியன்னு ஏசுதா.

— அப்ப ராஜபாளையம்?

— அவன் எழுதுனா விலையத்தான வே எழுதுதான். எப்பவும் போல சரக்கு போடும், கூட நூறு சேலை. விலையை நீரே சொல்லும், நான் பேசல. தறியப் பார்த்துட்டு வாரேன்.

— ...போயிட்டானா? ஏம்மா பிர்தௌஸ், நீ மாத்துறதுக்கு முந்தி எழுதுன அந்தப் பழைய புரோகிராமை அழிச்சிட்டியா?

— இல்ல அண்ணாச்சி. ஓரமா எடுத்து வச்சிருக்கேன்.

— புண்ணியமாப் போச்சு. மிச்சம் பதினேழு லெட்டரையும் அதுக்கே தின்னக் குடு.