சிவப்புப் புள்ளி வைத்த மேகசின்

பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குக்கு வரும் ஃபெரியில், துப்பாக்கி சுடும் தேர்வு முடிந்து திரும்பிய பகுதிநேரப் படைவீரர்கள் இருவர் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். இளையவர் சொன்னார்:

“என் பொண்டாட்டியோட நெயில் பாலிஷ் இல்லேன்னா இன்னிக்கு நான் பாஸ் பண்ணியிருக்கவே மாட்டேன்லா, அண்ணே.”

மூத்தவருக்குச் சிரிப்பு வரவில்லை. “எனக்கு மூணாவது தோட்டாவுலயே ரைஃபிள் சிக்கிக்கிச்சு. நான் ஃபெயிலு. நீ நெயில் பாலிஷ் கதை சொல்றே.”

“ரைஃபிள் மேல தப்பில்லண்ணே, எல்லாம் தோட்டா அடைக்கிற மேகசின்தான். அதோட வாய் வளைஞ்சிருந்தா தோட்டா நேரா ஏறாது. போன மாசம் எனக்கு அப்படி ஒண்ணு மாட்டுச்சு. அடியில அந்த நெயில் பாலிஷால சிவப்பா ஒரு புள்ளி வச்சிட்டேன். மறுபடியும் தெரியாம எடுத்துட மாட்டேன்ல?”

“சார்ஜன்ட்கிட்ட குடுத்தியா?”

“ஆயிரம் கேள்வி கேப்பாருண்ணே. எல்லாரும் எடுக்குற பெட்டியிலயே திரும்பப் போட்டுட்டேன்.”

ஃபெரி கரையைத் தொட்டது. மூத்தவர் எழவில்லை.

“அலாமாக்! அத்தனை மேகசின்ல அது ஒண்ணுலதான்டா புள்ளி இருந்துச்சு. நல்லதுன்னு எவனோ அடையாளம் வச்சிருக்கான்னு, தேடிப் பொறுக்கி எடுத்தேன்!”