தலை எண்ணும் நாள்

திருச்சி மன்னார்புரத்தில் பஸ் ஏறியதும் முன் சீட்டிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது: “பெரியாஸ்பத்திரியிலதான்டி பொறந்தேன். ஆனாலும் நான் சிலோன் அகதியாம்.” அப்போதே இதை எழுத வேண்டும் என்று தோன்றிவிட்டது. அவளும் பக்கத்தில் இருந்த தோழியும் கல்லூரியில் கடைசி வருடம் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“காலேஜ்ல இண்டர்வியூ நாளைக்குக் காலைல. கேம்ப்ல தலை எண்ணுறதும் நாளைக்குக் காலைலதான். நேர்ல நிக்கலன்னா கேம்ப் லிஸ்ட்லேர்ந்து பேரை எடுத்துருவாங்க.”

“உன் தங்கச்சியை நிறுத்திட்டு வாடி. ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சிதானே?”

“அப்ப அவ தலைக்கு யாரு நிப்பா, நீயா?”

தோழி சிரித்தாள். இவள் சிரிக்கவில்லை.

“எங்க கேம்ப்ல டிகிரி முடிச்ச அண்ணனுங்க பெயின்ட் அடிக்கப் போறாங்க. எங்க போனாலும் பாஸ்போர்ட் கேக்குறாங்களாம். நாளைக்கு இண்டர்வியூக்கு வர்ற கம்பெனி மட்டும்தான் கேக்கல. இதை விட்டா அவ்ளோதான்.”

“சரி, என்ன பண்ணப் போற?”

அதற்குள் போன் அடித்தது. எடுத்ததும் அவள் பேச்சே மாறிவிட்டது.

“ஓம் அம்மா... பயப்பிடாதேங்கோ. விடியவே கேம்ப் வாசலில நிக்கிறன். ஆபீசர் வந்ததும், என்னை முதல்ல எண்ணச் சொல்லி நானே கதைக்கிறன்... ஏலாதெண்டு சொன்னாலும், கேட்டுத்தானே பாக்கோணும்?”