மீன் ரோல்ஸும் ஒரு வரி மாற்றமும்

மீன் ரோல்ஸ் என்றால் எனக்கு உயிர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐயா. இல்லாவிட்டால் மற்றது எதுவும் உங்களுக்கு விளங்காது.

கிளிநொச்சியில் எங்கள் கம்பனி செய்வது நல்ல காரியம். கடல் கொந்தளிக்கப் போகிறது என்றால் முல்லைத்தீவுக் கரையோர மீனவர்களின் கைப்பேசிகளுக்கு எச்சரிக்கை அனுப்புவோம். அதற்கான மென்பொருள், வெளிநாட்டில் வாடகைக்கு எடுத்த கணினிகளில், கிளவுட் என்கிறார்களே, அதில் ஓடுகிறது. புதிதாக வேலைக்கு வருகிறவர் அசலில் கை வைத்துக் குழப்பிவிடாமல் இருக்க, அவருக்கு அங்கேயே ஓர் ஒத்திகைக் களம் அமைத்துக் கொடுக்க வேண்டும். எல்லாம் அசலைப் போலவே இருக்கும். எச்சரிக்கை மட்டும் மீனவர்களுக்குப் போகாது. பரிசோதனைக்கென்று வைத்த ஒரேயொரு கைப்பேசிக்குப் போகும். அது என் கைப்பேசி.

அந்தக் களத்தை அமைக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எந்த அனுமதியை எங்கே கொடுப்பது, எதற்கு முன் எதை நிறுவுவது, எல்லாம் என் தலைக்குள் இருந்தன. எழுதிவைக்கச் சொல்லிக் கேட்டுக் கேட்டே முதலாளி ஜனார்த்தனன் களைத்துப் போனார். புதியவர்கள் என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து பவ்வியமாக நிற்பார்கள். கையில் சூடாக மீன் ரோல்ஸ் இருக்கும். "கொன்ஸ்ரன்ரைன் அண்ணை, நேரமிருக்கோ?" என்பார்கள். எங்கள் மாதா கோயில் பங்குச் சுவாமிக்குக்கூட அவ்வளவு மரியாதை கிடைத்திருக்காது. நானும் உடனே நேரமிருக்கிறது என்று சொல்லிவிடுவதில்லை.

பிறகு செட்டிகுளத்திலிருந்து நிஹ்லா வந்தார். கெட்டிக்காரி. குணமும் தங்கம், அதுதான் எரிச்சல். நான் களம் அமைப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தார். பார்த்ததையெல்லாம் கணினி தானே செய்து முடிக்கும் ஒரு ஸ்கிரிப்ட்டாக எழுதிவிட்டார். ஒரு கட்டளையைத் தட்டினால் போதும். கேத்தில் தண்ணீர் கொதிப்பதற்குள் களம் தயார். அலுவலகமே கை தட்டியது. நானும் தட்டினேன். அதற்குப் பிறகு ரோல்ஸ் வரவில்லை. ஒரு மனிதன் எதையெல்லாம்தான் தாங்குவான், சொல்லுங்கள்.

இனி அசலையும் அதே ஸ்கிரிப்ட்டால் புதிதாக அமைப்பதென்று ஜனார்த்தனன் முடிவெடுத்தார். நிஹ்லா நேரே என்னிடம் வந்தார்.

"அண்ணை, ஒருக்கா பாத்துத் தாறீங்களோ? நீங்க பாத்தாத்தான் எனக்கு நிம்மதி."

பார்த்தேன். ஒரு குறையும் இல்லை, வயிறு எரிந்தது. எச்சரிக்கை யாருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் வரியை மட்டும் மாற்றினேன். இனி அசலும் ஒத்திகையைப் போலவே நடந்துகொள்ளும். என் நோக்கம் பெரிதாக ஒன்றுமில்லை. ஓர் எச்சரிக்கை தவறும், பழி ஸ்கிரிப்ட்டின் மேல் விழும், திங்கட்கிழமை எல்லோரும் என் கதிரைப் பக்கம் திரும்புவார்கள்.

"ஆக்கள் கடலுக்குப் போகாத நாளாப் பாத்து ஓட்டுவம் அண்ணை. அது உங்களுக்குத்தானே தெரியும்," என்றார் நிஹ்லா.

"ஞாயிறு ஓட்டுங்கோ. எங்கட ஆக்கள் பூசை நாளில வலை நனைக்க மாட்டினம்."

அது உண்மை. வெயில் சாய்ந்ததும் படகுகளை இறக்கிவிடுவார்கள் என்பதும் உண்மைதான். அதை அவர் கேட்கவில்லை. வயற்காட்டுப் பிள்ளை, கேட்க வேண்டும் என்று எப்படித் தெரியும்?

ஞாயிறு பூசை முடிந்து முல்லைத்தீவில் என் வீட்டில் நண்டுக் கறியோடு உட்கார்ந்திருந்தேன். நிஹ்லா ஸ்கிரிப்ட்டை ஓட்டிவிட்டு ஒரு சோதனைச் செய்தி அனுப்பினார். பிறகு அழைத்து, "அங்க வந்திட்டுதோ அண்ணை?" என்று கேட்டார். "வந்திட்டுது," என்றேன். நான் பொய் சொல்லும் ஆள் இல்லை.

பின்னேரம் உண்மையான எச்சரிக்கை என் கைப்பேசிக்கு வந்தது. 'பலத்த காற்று. கடலுக்குச் செல்ல வேண்டாம்.' வாசகம் நான் எழுதியது. வாசிக்கப் பெருமையாக இருந்தது. அப்போதுதான் பக்கத்து வீட்டு அற்புதம் மாமா அழைத்தார். எங்கள் செய்தி வரத் தொடங்கிய பிறகு மாமா வானத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

"தம்பி, காத்து ஒரு மாதிரிக் கிடக்கு. ஆனா உங்கட மெசேச் ஒண்டும் வரேல்லை. போகலாமோ?"

நிதானமாக யோசித்தேன். வேண்டாம் என்றால் அவர் கரையில் எல்லோரிடமும் சொல்லுவார். ஒருவரும் போகமாட்டார்கள். செய்தி வராததே யாருக்கும் தெரியாமல் போய்விடும். நிஹ்லாவின் ஸ்கிரிப்ட் பழுதில்லாதது என்று பெயர் எடுத்துவிடும்.

"மெசேச் வரேல்லையெண்டாப் போங்கோ மாமா."

மற்றவர்கள் காற்றைப் பார்த்துவிட்டுப் பாதியில் திரும்பினார்கள். மாமா எங்கள் கம்பனியை நம்பி இன்னும் கொஞ்ச தூரம் போயிருக்கிறார். படகு மறுநாள் கரை ஒதுங்கியது. மாமா ஒதுங்கவில்லை. செத்தவீட்டில் கதிரை அடுக்கியவன் நான்தான், கேட்டுப் பாருங்கள்.

நிஹ்லா வேலையை விட்டுச் செட்டிகுளத்துக்குப் போய்விட்டார். தான்தான் ஓர் உயிரைக் கொன்றுவிட்டதாக நினைத்துச் சாப்பிடுவதே இல்லையாம். ஆறுதல் சொல்ல நானே அழைத்தேன். "எல்லாருக்கும் பிழை வரும் தங்கச்சி," என்றேன். நீங்கள் பொலிஸ் ஜீப்பில் வந்து என்னைக் கூட்டிப்போன அன்று காலையிலும் என் மேசையில் ரோல்ஸ் இருந்தது, ஐயா. ஒன்றுதான் சாப்பிடக் கிடைத்தது.

அந்த வரியை மாற்றியது நான். மாமாவைப் போகச் சொன்னதும் நான். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் எச்சரிக்கையில் பழுது இருந்ததா என்று கேட்டீர்களே, அதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நேரத்துக்கு வந்தது. தெளிவாக வந்தது. கிடைத்தவர்களில் ஒருவர்கூட அதை மீறவில்லை. நான் அன்று கடல் பக்கமே போகவில்லை.